பிரேக்குக்கு எண்ணெய் போட்ட ஃபோர்மேன்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. காரமடைக்கு மேற்கே, என் மனைவியின் தம்பியுடைய தோட்டத்தை ஒட்டி ஒரு கரடு, அதாவது சின்னப் பாறைக்குன்று, இருக்கிறது. அங்கேதான் நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கோவையில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் ஃபோர்மேன். அந்த வயதில் மற்றவர்கள் மகளுக்கு நகை சேர்ப்பார்கள். நான் தடித்த டயரும் பதினெட்டு கியரும் வைத்த மலை சைக்கிள் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன்.

வாங்கிய நாளிலிருந்து மச்சினனுக்கு நான்தான் பொழுதுபோக்கு. அன்றும் கோவையிலிருந்து மிதித்துக்கொண்டு போய் இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டான்.

"ஏனுங் மாமா, இத்தன பல்லுச்சக்கரம் வெச்சும் நீங்கதான் மிதிக்கோணுமாக்கும்?"

"அந்தக் கரட்டு மேலயே இதுல ஏறுவேன், பாக்கறயா மாப்ள?"

என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. கரட்டின் உச்சியில் சின்னதாக ஒரு முருகன் கோயில். அதற்கு ஜீப் மட்டுமே ஏறுகிற சரளை மண் பாதை. கால் ஊன்றாமல் ஏறி இறங்கிவிட்டால் அவனும் இதே மாதிரி ஒன்று வாங்க வேண்டும். ஊன்றிவிட்டால் என் சைக்கிள் அவன் தோட்டத்திலேயே தங்கி, மாட்டுக்குப் புல்லுக்கட்டு சுமக்கும். இதுதான் பந்தயம்.

கிளம்பும்போது பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். 'கிரீச்' என்றது.

"குட்டி ஆடு கத்தறாப்புல இருக்குதுங் மாமா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. எது கத்தினாலும் எண்ணெய் விடுவது இருபது வருடப் பட்டறைப் பழக்கம். மோட்டார் ரூமிலிருந்து எண்ணெய்க் கேனை எடுத்து வந்து, பிரேக் ரப்பரிலும் அது கவ்விப் பிடிக்கிற ரிம்மிலும் தாராளமாக விட்டேன். சத்தம் நின்றது. "பாத்தியா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த ஏற்றத்தில் ஏறியது நான்தான் என்று இன்றுகூட எனக்கே நம்பிக்கை வருவதில்லை. இருப்பதிலேயே லேசான கியரில் கால்கள் பம்பரமாகச் சுற்ற, சைக்கிள் நத்தை மாதிரி நகர்ந்தது. சரளை சறுக்கியது. ஆனால் கால் தரையில் படவில்லை. கோயில் வாசலில் ஒரு வட்டமடித்து, அங்கே தொங்கிய மணியையும் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பினேன்.

இறக்கத்தில் பத்தடி போனதும் பிரேக்கை அழுத்தினேன். சைக்கிள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. ரப்பரும் ரிம்மும் உரசினால்தானே வண்டி நிற்கும்? அந்த உரசலைத்தான் நான் எண்ணெய் விட்டு ஒழித்திருந்தேன். பட்டறையில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் ஒரு வாரம் திட்டித் தீர்த்திருப்பேன்.

அடிவாரத்தில் பாதை இடது பக்கம் சட்டென்று ஒடியும். ஒடியாமல் நேரே போனால் மச்சினனின் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத ஆழக் கிணறு. முருகனில் ஆரம்பித்து, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்து, அம்மாவுக்கு வந்தேன். கடைசியில் என் முதலாளியைக்கூடக் கூப்பிட்டதாக மச்சினன் சொல்கிறான், நான் ஒப்புக்கொள்ளவில்லை. பந்தயம் போனால் போகிறது, காலை ஊன்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பெடலை விட்டுக் கால் வந்தால்தானே!

கீழே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, என் கூச்சலையும் மீறிக் கத்தினார்.

"ஏனுங்க! சோத்தாங்கைப் பக்கம் உடுங்க! உழுத காட்டுக்குள்ள உடுங்க!"

வலது பக்கம் விதைப்புக்காக உழுது போட்டிருந்த நிலம். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன். பொலபொலத்த மண் சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. சைக்கிள் நின்றது; நான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலாகப் பறந்து, நாற்று நட்ட மாதிரி தலைகீழாக மண்ணில் இறங்கினேன்.

மச்சினன் முகமெல்லாம் வெளிறிப்போய் ஓடி வந்தான். வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, "கால் ஊனுனனா மாப்ள?" என்றேன்.

"இல்லீங் மாமா. தலையத்தான் ஊனுனீங்க. அதப் பத்தி நாம பேசலீங்களே, நீங்கதான் செயிச்சீங்க."

ஆட்டுக்கார அம்மா ரிம்மைத் தொட்டு, விரலைத் தேய்த்துப் பார்த்தார். "மாட்டு வண்டிக்கு உராயாம இருக்க நாங்க அச்சுலதானுங்க மை போடுவோம். நீங்க சக்கரத்துக்கே போட்டுப்போட்டீங்களா?"

தலையால் வந்த வெற்றி எனக்குச் செரிக்கவில்லை. மண்ணெண்ணெய் வாங்கி ரிம்மைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ரப்பரைக் கழற்றிப் பாறையில் தேய்த்து மாட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்று மச்சினன் கெஞ்சியும் கேட்காமல் மறுபடி ஏறினேன். இறங்கும்போது பிரேக் வழியெல்லாம் வீறிட்டது. எனக்கு அது நாதஸ்வரம். வளைவில் அழகாக ஒடித்து, மச்சினனின் வேட்டி நுனியில் முன் சக்கரம் உரச நிறுத்திவிட்டு, அப்புறம்தான் ராஜா மாதிரி காலை ஊன்றினேன். அந்த அம்மா இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் ஆடுகள் சிதறி ஓடின. பொங்கலுக்குள் மச்சினனும் கியர் சைக்கிள் வாங்கிவிட்டான்.

பயம் வந்தால் இன்றும் நான் ஊரைக் கூட்டிக் கத்துகிறவன்தான். ஆனால் எவ்வளவு கத்தினாலும், பக்கத்தில் யாராவது வழி சொல்கிறார்களா என்று ஒரு காதைத் திறந்தே வைத்திருக்கிறேன்.