ஏழாவது நிபந்தனை

எங்கள் வக்கீல் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் எக்ஸ்பிரஸ். சார் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் விரல் முற்றுப்புள்ளியில் போய்க் காத்திருக்கும். பதினோரு வருடமாக அவள் டைப்பிஸ்ட், நான் குமாஸ்தா. இருக்கிற ஒரு மின்விசிறிக்குச் சண்டை போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். சார் சொல்வது அவள் காதில் நுழைந்து நேராக விரலுக்குப் போய்விடும், நடுவில் மண்டையில் தங்காது. கல்லும் கரைகிற மாதிரி ஒரு விவாகரத்து மனுவை அடித்து முடித்துவிட்டு, "அண்ணே, இதுல யாரு யார விட்டுட்டுப் போனாங்க?" என்று என்னைக் கேட்பாள்.

ஆனால் சட்டம் அவளுக்கு அத்துப்படி. எங்களிடம் வருவது முக்கால்வாசி குடும்ப வழக்கு. நடைவழி பெஞ்சில் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கும் பெண்கள் சாரைப் பார்ப்பதற்கு முன்னால் இவளைத்தான் கேட்பார்கள். சார் அரைமணி நேரம் இழுப்பதை இவள் அரை நிமிடத்தில் முடிப்பாள்.

"எல்லாத்துலயும் ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்களா? அப்ப ஃபாரத்த நீங்களே பூர்த்தி பண்ணிக் குடுக்கலாம். ஆனா புள்ள, வீடு, அடிதடி, இதுல ஒண்ணு இருந்தாலும் வக்கீல் இல்லாம கையெழுத்துப் போடாதீங்க. அவங்க வக்கீல் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அவங்க வக்கீல்தான். உங்களுக்குன்னு ஒருத்தர வெச்சுக்கோங்க."

ஊருக்கெல்லாம் இப்படிச் சொன்னவள் தன் விஷயத்தில் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். குடி இல்லை, கைநீட்டும் பழக்கம் இல்லை. இருவருக்கும் பேச்சு நின்று போயிருந்தது. உப்புக் கேட்பதென்றால்கூட மகள் வழியாகத்தான். பிரிந்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள்.

"நமக்கெதுக்குண்ணே ரெண்டு வக்கீல்? அதான் நம்ம சார் இருக்காரே" என்றாள். நானும் பெரிய மேதாவி போலத் தலையை ஆட்டினேன். சார் இருவருக்கும் சேர்த்து ஒரே மனு போட்டார். அவர் சொல்லச் சொல்ல அவளே அடித்தாள், ஊரார் மனுக்களை அடிக்கிற அதே வேகத்தில். அதற்கு முந்தின நாள் மெக்கானிக், சாருக்குப் போன் செய்து, மகளை எங்கேயும் தூரமாகக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று கேட்டிருக்கிறான். பொதுவாகப் போடுகிறதுதானே என்று சாரும் ஏழாவது நிபந்தனையாகச் சேர்த்துவிட்டார். மகளின் வசிப்பிடத்தை வேறு ஊருக்கு மாற்றத் தந்தையின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். அதையும் அவள்தான் அடித்தாள். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரல் வைத்துக் காட்டிப் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கியவன் நான்.

விவாகரத்து ஆகி இரண்டு வருடம் ஓடியது. மகளோடு தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் அப்பாவிடம் போய்வரும். அண்ணி கெட்டவள் இல்லை, கறாரானவள். குளியலறைக் கதவில் நேரம் எழுதி ஒட்டியிருந்தாள். இவர்களுக்கு ஐந்தரையிலிருந்து ஐந்து ஐம்பது வரை. பதினொரு வயதுப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்.

அந்த நிலையில்தான் அவள் தேர்வெழுதித் துறைமுக அலுவலகத்தில் வேலை வாங்கினாள். ஓர் இரவு ரயில் பயணத்தில் இருக்கும் ஊர். கூடவே இரண்டு அறை குடியிருப்பு. ஒரு மாதத்துக்குள் சேரவேண்டும்.

"நமக்கே நமக்குன்னு பாத்ரூமாம்மா?" என்று மகள் நான்கு முறை கேட்டதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு மறுநாள் மதியம்வரைதான். மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். "ஏழாவது நிபந்தனையப் பாரு. நீ அடிச்சதுதானே?" என்று வைத்துவிட்டான்.

பீரோவிலிருந்து அந்த வழக்குக் கட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்பண்ணே வந்துச்சு?" என்றாள்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ரெண்டு பேருக்கும் நின்னவன்மா. இப்ப ஒருத்தருக்காக இன்னொருத்தர எதுத்து நிக்க முடியாது. வேற ஆளப் பாரு." அவர் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் அன்று அவருக்கு டீ கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

எதிர்க் கட்டடத்தில் ஒரு பெண் வக்கீலிடம் போனோம். அந்தம்மா நிதானமாகப் படித்தார்.

"புள்ள விஷயத்துல எந்த உத்தரவும் கல்வெட்டு இல்ல, மாத்தலாம். ஆனா நோட்டீஸ் போகணும், அவர் பதில் சொல்லணும். கையெழுத்துக்கு முன்னாடி காட்டியிருந்தா ஒரே ஒரு வரி சேத்திருப்பேன், வேலைக்காகப் போனா சம்மதம் வேண்டாம்னு."

அவசர மனுதான் போட்டார். முதல் வாய்தாவில் மெக்கானிக், வக்கீல் வைக்க அவகாசம் கேட்டான். இரண்டாவது வாய்தாவில் நீதிபதி விடுப்பு. துறைமுகத்துக்கு எழுதிக் கேட்டதில் பத்து நாள் கூடக் கொடுத்தார்கள், அதற்கு மேல் முடியாது என்றார்கள். "நீ மட்டும் போய்ச் சேந்துடு, பாப்பா இங்க இருக்கட்டும்" என்றான் அண்ணன். மாடிப்படியில் அவளைத் தனியாக விட்டுவிட்டா? "எங்கிட்ட விட்டுட்டுப் போ" என்றான் மெக்கானிக். விட்டால் திரும்பக் கிடைப்பாளா? அந்த நாட்களில் எக்ஸ்பிரஸ் தப்புத் தப்பாக அடித்தாள். நான் திருத்திக் கொடுத்தேன்.

வேலையில் சேரக் கடைசி நாள் ஒரு வியாழன். அன்றும் ஒன்பதரைக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தாள்.

அடுத்த செவ்வாய் மூன்றாவது வாய்தா. நீதிபதி விசாரிக்கக்கூடும் என்று மகளையும் கூட்டிவந்திருந்தோம். விசாரிக்க வேலையே இருக்கவில்லை. மெக்கானிக்கின் வக்கீல் எழுந்து, "ஆட்சேபணை இல்லை" என்றார். ஏழாவது நிபந்தனை இரண்டு நிமிடத்தில் நீக்கப்பட்டது.

வெளியே நடைவழியில் மெக்கானிக் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தான். "ஞாயித்துக்கிழம பாப்பா ரொம்ப அழுதுச்சு. மனசு கேக்கல. தாராளமா கூட்டிட்டுப் போ."

"இப்பப் போலாமாம்மா?" என்றது பெண்.

"வேல போயிடுச்சு கண்ணு. வியாழக்கிழமையோட. அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க."

மெக்கானிக்கின் முகம் செத்துப்போனது. "தேதியெல்லாம் சும்மா பயமுறுத்தறன்னு நெனச்சேன்" என்றான். எனக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது.

பெண் அவனை நிமிர்ந்து பார்த்தது. "இனிமே ஞாயித்துக்கிழம உங்க வீட்டுக்கு வரமாட்டேன்."

"அப்படிச் சொல்லக்கூடாதுடா" என்று எக்ஸ்பிரஸ் அதன் தோளைப் பிடித்தாள். "ஞாயித்துக்கிழம அப்பாகிட்டப் போகணும்னு உத்தரவுல இருக்கு. போய்த்தான் ஆகணும்."

"அதுல நானாம்மா கையெழுத்துப் போட்டேன்?"

நாங்கள் மூன்று பேர் பெரியவர்கள் நின்றுகொண்டிருந்தோம். போட்டவர்கள் இருவர், விரல் வைத்துக் காட்டி வாங்கியவன் ஒருவன்.