ஜீப்பில் வந்து போகும் மூடி

நகராட்சியின் முகநூல் பக்கத்தை நடத்தியவர் ஒரு குமாஸ்தா. வேகமாகத் தட்டச்சு செய்வார் என்ற ஒரே குற்றத்துக்காக அந்த வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. மக்களோடு நெருங்கிப் பழக வேண்டும் என்பது ஆணையரின் ஆசை. கிட்டப் போகாமலே நெருங்கலாம் என்பதால் முகநூல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. புகார் வந்த மறுநாளே ‘சரிசெய்யப்பட்டது’ என்று படத்தோடு போட்டாக வேண்டும்.

ஊரெங்கும் சாக்கடைக் குழிகள் வாயைப் பிளந்து கிடந்தன. கைவசம் இருந்ததோ ஒரே மூடி. குமாஸ்தா மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். மூடியை ஜீப்பில் கொண்டுபோய்க் குழிமேல் வைத்து, படம் எடுத்து, மறுபடி ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவது. அந்த மாதம் அது நாற்பத்தொரு குழிகளை மூடியது. ஆணையர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

குமாஸ்தாவின் வீட்டு வாசலிலும் ஒரு குழி. மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

“என்கிட்ட சொன்னா? முகநூல் பக்கத்துல போடு,” என்றார்.

புகாரைப் போட்டுவிட்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஜீப் வந்தது.

“இங்க மட்டும் விட்டுட்டுப் போப்பா,” என்று டிரைவரிடம் கெஞ்சினார்.

“இன்னும் மூணு தெரு இருக்கு சார். அப்புறம் பார்க்கலாம்.”

முகநூலில் படத்தைப் பார்த்த மனைவி போன் செய்தாள். “பரவாயில்லையே, உங்களாலயும் ஒரு காரியம் நடக்குதே.”

இருபது வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் திரும்பினாள். மழை பெய்து தெருவில் கணுக்கால் தண்ணீர். தைரியமாக நேரே நடந்துவந்தவள் குழிக்குள் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள்.

“அங்க குழி இருக்கறது தெரியாதாம்மா?” என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் கேட்டாள்.

“தெரியும். மூடியாச்சுன்னு இவர்தான் எழுதியிருந்தாரு.”

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குமாஸ்தாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வெளியே வந்து நின்றார். ஆணையர் போனில் கூப்பிட்டார்.

“யாரோ ஒரு பொம்பளை விழுந்துட்டாளாம், நம்ம முகநூல் பக்கத்துல வந்து நாறடிக்கறாங்க. மூடின படம் இருக்குல்ல, அதையே திரும்பப் போட்டுடுங்க.”

“சரி சார்.”

பழக்கதோஷத்தில் வந்த ‘சரி’ அது. பக்கத்தைத் திறந்து தட்டச்சு செய்தார்: “விழுந்தது என் மனைவி. அந்த மூடி இப்போதும் ஜீப்பில்தான் இருக்கிறது.”

ஒருமுறை படித்துப் பார்த்தார். எதையும் திருத்தாமல் பதிவிட்டார்.