காலண்டர் தாளுக்குள் ஒரு மலை

இன்னைக்குப் பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா ஒரு நாவல் படித்துக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் மேலே நாவலின் பெயர். நான் அட்டைப்படம் வரைந்த நாவல்.

ஆனால் என் அட்டையைக் காணோம். பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய, ஸ்கூல் நோட்டுக்குப் போடுவதுபோல உறை போட்டிருந்தார்.

அந்த அட்டையில் மலைக்குச் சரியான சாம்பல் நீலம் வருவதற்காக அச்சகத்தில் போய்ச் சண்டை போட்டவன் நான். மனசு கேட்கவில்லை.

"ஏனுங்கக்கா, அட்டை புடிக்கலீங்களா?"

"அட, அட்டையப் பாத்துத்தானுங்க தம்பி வாங்குனதே. பஸ்ல கொண்டாந்தா அழுக்காயிப்போகுமுங்க. அதான் மூடிப்போட்டேன்."

தாளை ஓரமாக விலக்கிக் காட்டினார். "இந்த மலையப் பாருங்க. மழைக்கு முந்தி வால்பாறை இப்படியேதானுங்க இருக்கும்."

நான் பார்த்து முடிப்பதற்குள் பத்திரமாக மூடிவிட்டார். வரைந்தவன் நான்தான் என்று சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

அடுத்த அட்டையைக் கொஞ்சம் சுமாராகப் போடலாமா என்று யோசனை. அப்பவாவது நாலு பேர் கண்ணில் படும். என்னங்க சொல்றீங்க?