முதல் பஸ்ஸுக்கும் முன்னால் போகிறவள்

டிப்போவில் அவளுக்கு ‘முதல்வண்டி’ என்றுதான் பெயர். விடியுமுன் நகரத்திலிருந்து கிளம்பும் முதல் பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள். அந்தப் பெயர் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓட்டை வண்டியாகப் பார்த்துக் கொடுத்தார்கள். யாருக்கும் வேண்டாத ரூட்டாகப் பார்த்து அவள் தலையில் கட்டினார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்ணைக் கண்டதும், ஏற வந்த சிலர் பின்வாங்கி அடுத்த வண்டிக்கு நின்றார்கள். ‘நில்லுங்க, நல்லா நனைங்க’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, கொட்டும் மழையில் அவர்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

முதல் வண்டிதான் வேண்டும் என்று அவளே கேட்டு, பல வருஷம் அலைந்து வாங்கினாள். விடியுமுன் ஏறினால் மத்தியானம் இறங்கிவிடலாம். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டிக் கிடக்காது. சோறு சூடாக இருக்கும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு கத்துகிறார்களோ அங்கே ஓட வேண்டியவர். அவரை நம்பி உலை வைக்க முடியாது. காலையில் மகளை எழுப்பிக் கிளப்பி அனுப்புவது மட்டும் அவர் பங்கு. அந்த ஒரு வேலையையும் மலையைப் பெயர்த்து வைத்ததுபோல் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில், குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். டிப்போவுக்கு நடந்தே போய்விடுகிற வீடு அது. நகரத்துக்குள் வேறு வீடு கேட்டால் வாடகை சொல்கிறவர்களுக்கே சிரிப்பு வந்தது. நகரத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் ஒன்றைப் பார்த்துப் போக வேண்டியதுதான் என்று ஆயிற்று.

ஊர் தேடும்போதுதான் ஒருவரோடு ஒருவர் இத்தனை காலம் என்ன பேசினோம் என்பது தெரிகிறது. கணவருக்கு வீடு என்றால் லிஃப்ட். சமையலறையைப் பார்க்குமுன் லிஃப்டில் ஏறி உச்சி மாடிவரை போய் வருவார். சுவரில் காதை வைத்துக் கேட்பார். “மோட்டார் சத்தமே சொல்லுது, நல்ல பில்டிங்” என்பார். அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். முதல் பஸ் ஓடத் தொடங்குமுன் அந்த ஊரிலிருந்து டிப்போவுக்கு எப்படிப் போய்ச் சேருவது? ஊரெல்லாம் பஸ் பிடித்து வேலைக்குப் போகலாம். முதல் பஸ்ஸை ஓட்டுகிறவள் எந்த பஸ்ஸைப் பிடிப்பாள்? இருட்டில் தன் ஸ்கூட்டரில்தான் போக வேண்டும். வண்டியை எடுக்குமுன் டயர், பிரேக், காற்று, விளக்கு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதைக் கணவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் “ஆமாமா” என்று தலையாட்டியிருக்கிறார்.

ஏரிக்கரை ஊரைப் பார்த்தார்கள். அழகான ஊர். ஆனால் நடுவில் ரயில் கேட். விடியுமுன் சரக்கு ரயில் வரிசையாகப் போகும் நேரத்தில் கேட்டைப் போட்டால் போட்டதுதான். அவள் வேண்டாம் என்றாள். “எதைக் காட்டினாலும் உனக்கு ஒரு நொட்டை” என்றார் கணவர்.

பட்டறை ஊரைப் பார்த்தார்கள். தெருவுக்குத் தெரு லேத்தும் வெல்டிங்கும். காற்றில் இரும்பு வாசனை. ஆனால் அங்கிருந்து டிப்போவுக்கு வளைவில்லாத ஒரே ரோடு. வழி நெடுக விளக்கு. இரவு ஷிஃப்ட் ஆட்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். ஸ்கூட்டரில் தனியாகப் போகிற பெண்ணுக்கு அதைவிட என்ன துணை வேண்டும்? பட்டறைக்கு மேலே மாடியில் வீடு. சமையலறையில் பெரிய ஜன்னல், தண்ணீருக்குக் கஷ்டமில்லை, பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அவளுக்கு மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கணவரோ, லிஃப்ட் இல்லாத அந்தப் படிக்கட்டின் அடியில், யாரோ தன்னைத் திட்டிவிட்டதுபோல் நின்றார்.

“இங்க மனுஷன் இருப்பானா?”

“இருக்காங்களே, பாருங்க. துணிகூடக் காயப் போட்டிருக்காங்க.”

“பொண்ணு கரி பிடிச்சுப் போயிடுவா.”

“துடைச்சா போயிடும்” என்றாள். அவர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவதாகப் பார்த்தது நாத்தனார் குடியிருக்கும் ஊர். கணவருக்கு அக்கா. பார்த்தது என்று சொல்வதே தப்பு. சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள், போனார்கள். அந்த ஊர் அவளுக்குப் புதிதா என்ன? தினமும் முதல் வண்டியை அவள் கொண்டுபோய்த் திருப்புவதே அங்கேதான். டிப்போவிலிருந்து காலி வண்டியாக அவ்வளவு தூரம் போய், அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குத் திரும்ப வேண்டும். அந்நேரத்தில் அங்கே ஏறுகிறவர்கள் ஆஸ்பத்திரி கூட்டுகிறவர்களும் ஹோட்டலில் காய் நறுக்குகிறவர்களும் காவல்காரர்களும். பூங்கா, அகலத் தெரு, இரும்புக் கேட் போட்ட அடுக்குமாடி எல்லாம் அப்போது இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும். நாத்தனாரும் தூங்குவார்.

சாப்பாடு பலமாக இருந்தது. கேட்டுக் கேட்டுப் பரிமாறினார் நாத்தனார். பக்கத்து வீடு காலியாகிறது என்று பேச்சைத் தொடங்கினார். லிஃப்ட் புதுசு என்றார் அவர் வீட்டுக்காரர். கணவர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று.

“எனக்கு டிப்போ ரொம்பத் தூரம் அண்ணி” என்றாள் அவள்.

“என்ன தூரம்? விசாரிக்காமலா சொல்லுவேன்?” நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “விடியறதுக்கு முன்னாடியே இங்கேருந்து ஒரு பஸ் இருக்கு. ஏறி உக்காந்தா நேரா உங்க டிப்போ வாசல்லயே இறங்கிக்கலாம். மாற வேண்டாம், மண்ணாங்கட்டி வேண்டாம்.”

அவள் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினாள்.

“அந்த பஸ்ஸை யாரு ஓட்டுறா அண்ணி?”

“யாரோ ஓட்டுறாங்க. நமக்கென்ன?”

“நான்தான் ஓட்டுறேன்.”

முதலில் நாத்தனாரின் வீட்டுக்காரர் சிரித்தார். நாத்தனார் சிரித்தார். நல்ல கூத்து, ஊரில் போய்ச் சொல்லிச் சிரிக்கலாம் என்பதுபோல் சிரித்தார்கள். அவளுக்குக்கூட வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆனால் திரும்பினால் கணவரும் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் எந்த பஸ்ஸை ஓட்டுகிறாள் என்று தெரியாமலா அவளுக்கு இந்த ஊரைப் பார்த்தார்? தெரிந்தேதான் பார்த்தாரா? இரண்டில் எதுவானாலும் மோசம்தான்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனாரின் வீட்டுக்காரர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

“அட, அதெல்லாம் எத்தனை நாளைக்கும்மா ஓட்டப் போற? அதான் இங்க எல்லாம் ஏற்பாடாயிருக்கே. மச்சான் சொல்லலையா?”

சொல்லவில்லை. கணவர் தட்டில் இல்லாத கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் சொன்னார். முன்னறையில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று ஆரம்பிக்கப் போகிறார். வேலைக்குப் போகிற அம்மாக்கள் கொண்டுவந்து விடுவார்கள். பிள்ளைகளைப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும், வெளியாளை எப்படி நம்புவது? பக்கத்து வீட்டுக்காரரிடம் தம்பி போன வாரமே வார்த்தை கொடுத்துவிட்டான். “உனக்கும் ஒரு ஓய்வு வேணாமா? பாவம், எவ்வளவு நாள்தான் அந்த ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டுவ?” என்று அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார். ஓய்வாம்! ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதும் கால் கழுவி விடுவதும் ஓய்வாம். வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு உதவி செய்ய, வேலைக்குப் போகிற இந்த அம்மா வேலையை விட வேண்டுமாம்!

போன வாரம் வார்த்தை கொடுத்தவர், இந்த வாரம் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பட்டறை ஊருக்கு வீடு பார்க்கப் போயிருக்கிறார். அத்தனை அலைச்சலும் நாடகம். அவளைக் கேட்டதாகவும் இருக்க வேண்டும், முடிவு மாறவும் கூடாது.

அவள் எழுந்து கை கழுவினாள். சத்தம் போடவில்லை. சாப்பிட்ட வீட்டில் சத்தம் போட அவளுக்கு வாய் வராது. அந்தப் பலவீனத்தை நம்பித்தான் இந்தப் பேச்சைச் சாப்பாட்டில் வைத்தார்களோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்து நினைத்துக் கொதித்தாள்.

“நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்” என்றார் கணவர், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே.

“எப்போ? சாமானை ஏத்தின அப்புறமா?”

“உன் நல்லதுக்குத்தானே...”

“என் நல்லது என்னன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வண்டி ஆளை உசுரோட கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். அவங்கெல்லாம் என்னை நம்பித் தூங்கிட்டு வர்றாங்க. உங்க வீட்டுல மட்டும் நான் கிள்ளுக்கீரையா?”

அவர் மென்று விழுங்கினார். அக்கா மனசு, கொடுத்த வார்த்தை, ஒரே இடத்தில் சொந்தபந்தம் என்று அரைத்த மாவையே அரைத்தார். வேலையை விடு என்று மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை, மூஞ்சிக்கு நேரே சண்டை போட்டிருக்கலாம். ஊரை மாற்றினால் வேலை தானாக உதிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்ட அந்தக் குள்ளத்தனம்தான் அவளைக் குடைந்தது.

மறுநாள் வழக்கம்போல வண்டியை எடுத்தாள். காலி பஸ்ஸை அந்த ஊரில் கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்காரப் பெண் ஏறினாள், “என்னக்கா, முகம் சரியில்ல?” என்றாள். “தூக்கமில்ல” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள். அன்றைக்குப் பார்த்து ஒரு கார்க்காரன் குறுக்கே வந்தான். ஜன்னலைத் திறந்து அவள் விட்ட திட்டில் பின் சீட்டுவரை எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். பாவம், அந்தத் திட்டில் பாதிதான் அவனுக்கு உரியது.

மத்தியானம் வண்டியை ஒப்படைத்ததும் வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு டிப்போவுக்கு எடுத்து வந்திருந்த ஸ்கூட்டரைப் பட்டறை ஊருக்கு விட்டாள். கீழே வெல்டிங் பட்டறை நடத்துகிறவரின் மனைவிதான் வீட்டுக்காரம்மா. கையில் உறையோடு கம்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவரு வரலையா?”

“நான் வந்திருக்கேன். வீடு எனக்கு வேணும்.”

“அவருக்குப் பிடிக்கலையோ?”

“அவருக்கு எது பிடிக்குதுன்னு அவருக்கே இன்னும் தெரியல. நானும் பொண்ணும் வர்றோம். ஒரே ஒரு சிக்கல்... நான் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவேன். பொண்ணை இங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆளில்ல.”

வீட்டுக்காரம்மா உறையைக் கழற்றினாள். “என் பசங்களும் அதே பள்ளிக்கூடம்தான். அவங்களோட சேர்த்து அனுப்பிடறேன். இதெல்லாம் ஒரு சிக்கலா?”

முன்பின் தெரியாதவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். சொந்தபந்தம் ஒரு விருந்தே வைத்தும் சொல்லாதது அது. அவளுக்கு நன்றியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நன்றியே கோபத்துக்கு நெய் வார்த்தது. சாவியை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னாள். பட்டறை ஊர் வீட்டை முடித்தாயிற்று என்று சொன்னாள். மகளைக் கேட்டதையும், அவள் சரி என்றதையும் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையாகவே மனசு உடைந்தவர்போல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு? நான் ஒருத்தன் இருக்கேன்ல இந்த வீட்டுல?”

அவள் அவரையே பார்த்தாள். நடிக்கிறார் என்றால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு விட்டுவிடலாம். நடிக்கவில்லை. போன வாரம் தான் செய்ததும் இன்று அவள் செய்ததும் ஒன்றுதான் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. தன்னைக் கேட்காதது அநியாயம். அவளைக் கேட்காதது குடும்பம்.

அலமாரியைத் திறந்து பாத்திரங்களை இறக்கினாள். இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கூடத்தில் இழுத்துப் போட்டாள். தன்னுடையதையும் மகளுடையதையும் பழைய காகிதத்தில் சுற்றி ஒன்றில் அடுக்கினாள். இன்னொன்று காலியாகக் கிடந்தது. கடைசியாக அவர் தினமும் சாப்பிடுகிற தட்டைக் கையில் எடுத்தாள்.

“சரி, கேக்கலைன்னு சொன்னீங்கல்ல? இப்போ கேக்கிறேன். இதை எந்தப் பெட்டியில வைக்கட்டும்?”

அவர் தட்டைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். “இரு, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...” என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அவள் தட்டை எந்தப் பெட்டியிலும் வைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, தன் பெட்டியை மூடி ஒட்டினாள்.