கப்பல் கம்பெனியின் ஏழரை

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். பெங்களூர் வைட்ஃபீல்டில் கண்டெய்னர் டிப்போவுக்கு எதிரே, மாடியில் இரண்டு அறைகள்தான் ஆபீஸ். துணியும் கிரானைட்டும் ஏற்றிய பெட்டிகள் டிப்போவிலிருந்து ரயிலில் சென்னைத் துறைமுகத்துக்குப் போகும். நான் தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வந்து இறங்குவேன். பாதி நாள் நின்றுகொண்டேதான் பயணம். ஆபீஸ் நாற்காலியில் உட்காரும்போதே வேலை முடித்த களைப்பு இருக்கும்.

முதலாளி லிங்கராஜபுரத்துக்காரர். ஓர் ஐரோப்பியக் கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்ட். அந்தக் கம்பெனியின் வருமான வரி விவகாரம் என் மேஜைக்கு வந்தது, நான் பி.காம். படித்தவள் என்பதால்.

வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியிடம் யாரும் செலவுக் கணக்குக் கேட்பதில்லை. இங்கே ஏற்றிய சரக்குக்கு வாங்கிய மொத்தக் கட்டணத்தில் ஏழரை சதவீதத்தை லாபம் என்று வைத்துக்கொண்டு அதற்கு வரி போடுவார்கள். ஆனால் கம்பெனியின் நாட்டோடு நமக்கு ஒப்பந்தம் இருந்து, கம்பெனி உண்மையிலேயே அந்த நாட்டிலிருந்து நடத்தப்பட்டால், இங்கே வரி கிடையாது. அங்கே கட்டிக்கொள்ளலாம். எங்கள் கம்பெனி இந்தச் சலுகையில்தான் இருந்தது. இன்னொரு விதியும் உண்டு: வரி விழுந்து கம்பெனி கட்டாவிட்டால் ஏஜெண்ட் கட்ட வேண்டும். அதைப் பற்றி அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஒரு வருடம் புதிதாக வந்த வரி அதிகாரி ஃபைலைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கன்னடக்காரர், மெதுவாகப் பேசுபவர்.

"கூத்கொள்ளி அம்மா" என்று நாற்காலியைக் காட்டினார். பிறகு எனக்காகத் தமிழில் கேட்டார். "கம்பெனி அந்த நாட்டுல பதிவாயிருக்கு. சரி. நடத்துறது எங்கேயிருந்து? கப்பல் எங்க போகணும்னு முடிவு பண்ற ஆளு எங்க உக்காந்திருக்காரு?"

எனக்குத் தெரியவில்லை. கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது, அதில் விஷயம் எதுவும் இல்லை. மறுபடி அனுப்பினேன். வாய்தா மேல் வாய்தா. வைட்ஃபீல்டிலிருந்து பஸ் பிடித்து, வரி அலுவலகத்து வராந்தாவில் காத்திருந்து, வேறு தேதி வாங்கிக்கொண்டு திரும்புவேன். வீடு போய்ச் சேரும்போது அம்மா சாப்பாட்டை மூடி வைத்திருப்பாள். சாப்பிடத் தோன்றாது.

கடைசியில் கம்பெனியின் டைரக்டர் ஒருவரே இந்தியா வந்தார். விமான நிலையத்திலிருந்து அவரை நேராக விசாரணைக்குக் கூட்டிப்போகும் வேலை எனக்கு. அறுபது வயது இருக்கும், கண்கள் சிவந்திருந்தன. தொம்மலூர் தாண்டும்போது, போர்டு மீட்டிங் அந்த நாட்டில்தான் நடக்கிறது என்று சொன்னால் போதும் என்றேன். தலையாட்டினார். அடுத்த சிக்னலில் தூங்கிவிட்டார்.

அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். டைரக்டர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். சேர்மன் வேறொரு நாட்டில் இருக்கிறார். தான் இன்னொரு நாட்டில். பதிவான ஊரில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடிக் கையெழுத்துப் போடுவார்கள், சாப்பிடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். மற்றதெல்லாம் டெலிபோனில்.

அதிகாரி எழுதிக்கொண்டார். முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை.

படி இறங்கும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன். "அவர் கேட்டார். வேறு எதையாவது யோசித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதும் அந்த மனிதர் மேல் கோபம் வருவதில்லை.

சலுகை ரத்தானது. வரி விழுந்தது. பழைய வருடங்களையும் தோண்டினார்கள். கம்பெனி அப்பீல் முடியும்வரை கட்ட மாட்டோம் என்றது. எனவே நோட்டீஸ் எங்கள் முதலாளிக்கு வந்தது. வங்கிக் கணக்கு முடங்கியது.

"இன்னாம்மா இது, நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன். எனக்கும் ஏழரை புடிக்குமா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மனைவி பெயரில் ஹெண்ணூர் பக்கம் வீடு கட்ட ஒரு காலி சைட் இருந்தது, மகளுக்கென்று வைத்திருந்தது. அதை விற்றுக் கட்டினார்.

அப்பீல் நடந்துகொண்டே இருந்தது. அதிகாரிகள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். இதற்கிடையில் கம்பெனி பெங்களூரில் சொந்த ஆபீஸ் திறந்தது. முதலாளியின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். பிறகு எனக்கும் அழைப்பு வந்தது. வழக்கு முழுதும் தெரிந்தவள் நான்தானாம்.

தங்கவயலில் சுரங்கம் மூடப்போகிறார்கள் என்று பேச்சு முற்றியிருந்த நேரம். அப்பாவுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"போம்மா" என்றார். "நீ போலன்னா வேற ஒருத்தி போவா."

அடுத்த வருடம் அவர் ஆபீஸைக் காலி செய்தார்.

மேலும் சில வருடம் கழித்துத் தீர்ப்பாயத்தில் கம்பெனி ஜெயித்தது. வருடத்துக்கு ஒருமுறை கூடினாலும் பெரிய முடிவுகள் அங்கே கையெழுத்தாகின்றன, அது போதும் என்றார்கள். கட்டிய வரி வட்டியோடு முதலாளிக்கே திரும்பும். உத்தரவின் நகலை நானே லிங்கராஜபுரத்துக்கு எடுத்துப்போனேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் போனேன்.

பொறுமையாகப் படித்தார். "அந்தப் பெரியவரு சொன்னது நிஜந்தானே?" என்றார்.

"நிஜந்தான் சார்."

"அப்புறம் எப்டி ஜெயிச்சாங்க?"

சொல்லிப் பார்த்தேன். பாதியில் கையை அசைத்து நிறுத்தினார். அவர் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் துட்டுல அதே சைட்டு இப்போ வருமா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

ஊர் முழுக்க விலை எங்கோ போயிருந்தது. அந்தத் தொகைக்குச் சைட்டில் ஒரு மூலைகூட வராது. அவருக்கும் தெரியும். உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். மகளுக்கு ஓசூரில் வரன் பார்த்திருப்பதாகவும், மாப்பிள்ளை லாரி கம்பெனியில் கணக்கு எழுதுவதாகவும் சொன்னார்.

காபியைக் குடித்துவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன். இரண்டு பஸ் நிற்காமல் போனது. மூன்றாவதில் தொற்றிக்கொண்டேன்.