மேசையில் ஐந்து தட்டு வைத்த வினை

இன்று சித்திரை முதல் நாள். அரூரிலிருந்து ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு வந்தது. "சும்மா பார்த்துப் பழகிட்டுப் போறோம்ங்க" என்றுதான் போனில் சொன்னார்கள். அவர்களுக்கு ஒரு மகன், எங்களுக்கு ஒரு மகள். அவள் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையை அவளே அலங்கரித்தாள். ஐந்து பித்தளைத் தட்டுகளில் மாம்பழம், வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, கனகாம்பரம். "ரீல்ஸ்ல பார்த்தேன்ப்பா. எப்படி?"

"நல்லாயிருக்கு" என்றேன். இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

பையனின் அம்மா மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, சாப்பிடக் கூப்பிட்டுட்டு நிச்சயத்துக்கே தட்டு வெச்சுட்டீங்க! முன்னாடியே சொன்னா நாங்களும் தட்டோட வந்திருப்போமில்ல?"

சொல்லிக்கொண்டே, வாங்கி வந்த மல்லிகைச் சரத்தைப் பிரித்து மகளை நோக்கி நடந்தார். தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

மகள் ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள். "ஆன்ட்டி, அது நிச்சயத் தட்டு இல்லைங்க, அலங்காரம். உட்காருங்க, இலை போடறேன்."

பையன் தட்டிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்தான்.

"இதைத் தின்னா கல்யாணம் ஆயிடுமாங்க? பசிக்குது."

மகள் சிரித்துவிட்டாள்.

அவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள். "என்னம்மா சொல்றே?" என்றால், "யோசிக்கிறேன்ப்பா" என்கிறாள். அந்த அம்மா மேசையில் வைத்துவிட்டுப் போன மல்லிகையை மட்டும் தண்ணீர் தெளித்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள்.

பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?