இடுப்புப் பையில் இருந்த மாத்திரைகள்

ஓடக் கிளம்புமுன் எங்கள் கூட்டத்தில் ஒரு சடங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சேக்காட்டில் பத்துப் பேர் கூடுவோம். எல்லோரும் உள்ளங்கையை நீட்ட, நான் என் இடுப்புப் பையிலிருந்து ஆளுக்கொரு வலி மாத்திரை எடுத்து வைப்பேன். வலி வந்த பிறகு போடுவதல்ல, வராமலிருக்கப் போடுவது. வண்டி கிளம்புமுன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி. தொழிற்சாலையில் நான் சாதாரண ஃபிட்டர். இங்கே மட்டும் பெரிய வைத்தியன் என்ற திமிர் எனக்கு.

போன வருடம் ஐம்பது கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குப் போனோம். என்னோடு ஓடியவர் முத்தாபுதுப்பேட்டை அண்ணாத்தே, எங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். இருபதாவது கிலோமீட்டரில் அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஒன்று கொடுத்தேன். முப்பதில் இன்னொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது. நாற்பத்து நான்கில் புதர்ப்பக்கம் ஒதுங்கியவர் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"மச்சான், ஒண்ணுக்கு டிகாஷன் கலர்ல போவுதுடா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து மூன்று மாத்திரை. மூன்றையும் கொடுத்தது என் கை. தண்ணீர் வற்றிய உடம்பில் இது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று எங்கோ படித்திருந்தேன். நமக்கெல்லாம் வராது என்று விட்டிருந்தேன்.

"ஆறு கிலோமீட்டர்தான் கீது. இன்னொண்ணு குடு, முடிச்சிட்டு வந்துர்றேன்."

"ஓடுனா மேல ஏறிக் குந்திப்பேன், அண்ணாத்தே."

சொன்னபடியே அவர் கால்மேல் உட்கார்ந்துவிட்டேன். உதவி வண்டி வரும்வரை அவர் திட்டாத திட்டில்லை. எங்களைத் தாண்டிப் போனவர்கள் என்ன நினைத்தார்களோ, கைதட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. பாட்டில் பாட்டிலாக சலைன். அவர் பாத்ரூமிலிருந்து வரும்போதெல்லாம் "இன்னா கலரு?" என்று ஓடிப்போய்க் கேட்டேன். மூன்றாம் நாள் மாலை, "தண்ணி கலருடா, போதுமா?" என்றார். வார்டில் அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் ஓடலாம் என்றதும், அவர் மனைவியே அவரை ஸ்கூட்டரில் சேக்காட்டுக்குக் கூட்டிவந்தார். அந்த அம்மா என்னிடம் கையை நீட்டினார்.

"பைய குடு நைனா."

இடுப்புப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். உப்புப் பொட்டலமும் கடலைமிட்டாயும் விழுந்தன. "சரி, ஓடுங்க" என்றார்.

அன்று மாத்திரை இல்லாமல் வேப்பம்பட்டுவரை ஓடினோம். எனக்கே முட்டி எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. பின்னால் அண்ணாத்தே அடிக்கு அடி "ஐயோ, அம்மா" என்று முனகிக்கொண்டே வந்தார். அதைக் கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.